"புதுசா என்ன இருக்கு?" என்று கேட்டு வாங்கிய பன்னிரண்டு பாட்டில்

ஒயின், விஸ்கி, ஜின் என்று பன்னிரண்டு பாட்டில் சரக்கு வாங்கினேன். ஐந்தைச் சமையலறைத் தொட்டியில் கவிழ்த்துக் கொட்டினேன். மூன்றை வேறு ஆட்களிடம் தள்ளிவிட்டேன். ரசித்துக் குடித்தது நான்குதான். இது முடிய ஆறு மாதம் ஆனது, செலவு என் வீட்டு வாடகை இரண்டு மாதத்துக்குச் சமம். தாடையில் போட்ட மூன்று தையல், சம்பளம் இல்லாத இரண்டு நாள் லீவு, ஒரு டியூப்லைட், ஒரு கீபோர்டு எல்லாம் அந்தக் கணக்கில் சேராது. தனியாக இருக்கிறவன் என்பதால் நடுவில் "டேய், என்ன பண்ணிட்டு இருக்கே?" என்று கேட்கவும் ஆள் இல்லை. வெளியில் சொல்லவும் கூச்சம். குடித்ததைப் பேசினால் பீற்றிக்கொள்கிறான் என்பார்கள், விழுந்ததைப் பேசினால் குடிகாரன் என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. அதை எனக்கு ஒருத்தராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

பத்து வருடமாக என் பழக்கம் ஒன்றே ஒன்றுதான். சனிக்கிழமை ராத்திரி பிராந்தி, 60 மில்லியாக மூன்று பெக், தண்ணீர் கலந்து. அதில் எனக்குக் குறையொன்றும் இருந்ததில்லை. புது வேலைக்கு மாறிய பிறகு ஒரு விருந்துக்குப் போனேன். அங்கே எல்லாரும் ஒயின் கிளாஸைச் சுழற்றி, மூக்கை வைத்து, ஏதேதோ பெயர் சொல்லிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு சுவர் ஓரமாக நின்றேன். யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. எனக்கே ஒரு மாதிரி இருந்தது, அவ்வளவுதான். அடுத்த வாரம் போனஸ் கைக்கு வந்தது. நேராகக் கடைக்குப் போய்விட்டேன்.

கவுன்ட்டரில் இருந்தவர் சிரித்த முகம். "என்ன பாக்கறீங்க சார்?" என்றார். "புதுசா என்ன இருக்கு?" என்றேன். அவர் எடுத்து வைக்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி சொன்னார், ஒவ்வொன்றுக்கும் நான் தலையாட்டினேன். எனக்குப் பின்னால் நான்கு பேர் நின்றார்கள். "டிரை என்றால் என்ன அண்ணே?" என்று கேட்க வாய் வரை வந்தது. அவர்கள் முன்னால் கேட்க வெட்கமாக இருந்தது, விழுங்கிவிட்டேன். ஏழெட்டு சேர்ந்ததும், "பன்னெண்டா எடுத்துட்டா பத்து பர்சன்ட் தள்ளுபடி சார்" என்றார். பன்னிரண்டாக எடுத்தேன். பில்லைப் பார்த்தபோது வயிற்றில் ஒரு புரட்டல். ஆனால் பெட்டியை வண்டியில் ஏற்றும்போது நானும் அந்த விருந்துக்காரர்களில் ஒருவன் ஆகிவிட்ட மாதிரி ஒரு மிதப்பு. பத்து சதவீதம் மிச்சம் பிடிக்கப் போய்ப் பாதிக்கு மேல் கொட்டவும் கொடுக்கவும் போகிறேன் என்று அப்போது தெரியாது.

அந்தக் கேள்வியே தப்பு என்று புரிய நாளாயிற்று. கடையில் "புதுசு" என்றால் மூன்று அர்த்தம். போன வாரம் வந்திறங்கியது ஒன்று. எப்போதும் இருப்பதுதான், ஆனால் நமக்குப் புதுசு என்பது இன்னொன்று. விற்காமல் நிற்கிறது, சீக்கிரம் தள்ள வேண்டும் என்பது மூன்றாவது. எது என்று நாம் கேட்காவிட்டால் அவராகச் சொல்ல மாட்டார், அது அவர் வேலையும் இல்லை. கேட்டிருக்க வேண்டியது வேறு: எனக்கு இனிப்பு பிடிக்குமா, புளிப்பு பிடிக்குமா, கசப்பு தாங்குவேனா, இதுவரை குடித்ததில் எது பிடித்தது, அதற்குப் பக்கத்து வீடு எது? அசல் பிராந்தி என்பதே ஒயினைக் காய்ச்சி வடித்ததுதான். பிராந்தி குடிக்கிறவன் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எங்கே தொடங்குவது என்று அவருக்கே தெரிந்திருக்கும். நான்தான் எல்லாம் தெரிந்தவன் போல நின்றேனே.

முதல் ராத்திரியே நுரைக்கும் ஒயினைத் திறந்தேன். வண்டியில் குலுங்கி வந்த பாட்டில், குளிர வைக்கவில்லை, பொறுமையும் இல்லை. தகடைக் கிழித்து, கம்பியைத் திருகி எடுத்துவிட்டு, கட்டைவிரலால் கார்க்கைத் தள்ளினேன். துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம். கார்க் நேராக டியூப்லைட்டில். இருட்டில் பாட்டில் பாதி மேசை மேல் பொங்கி கீபோர்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடித் தூள் மேல் காலை வைக்காமல் சுவிட்ச் வரை எப்படிப் போவது என்று ஐந்து நிமிடம் அப்படியே நின்றேன். ஷாம்பெய்ன் பாட்டிலுக்குள் இருக்கும் அழுத்தம் சுமார் 6 வளிமண்டலம், அதாவது கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அது என் கண்ணில் பட்டிருந்தால் கதையே வேறு. சரியான முறை ரொம்ப எளிது. பாட்டிலைச் சில மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து நன்றாகக் குளிர வைக்க வேண்டும், குளிரக் குளிர அழுத்தம் தணியும். கம்பியைத் தளர்த்திய நொடியிலிருந்து கட்டைவிரல் கார்க்கின் மேலேயே இருக்க வேண்டும். பாட்டிலைச் சாய்த்து, யார் முகத்துக்கும் விளக்குக்கும் நேராக இல்லாமல் பிடித்து, கார்க்கை அசைக்காமல் பாட்டிலின் அடிப்பக்கத்தைத் திருப்ப வேண்டும். பெருமூச்சு மாதிரி ஒரு சத்தத்தோடு வந்துவிடும். சீக்கிரம் குளிரட்டும் என்று ஃப்ரீசரில் வைத்து மறந்துவிடாதீர்கள், உறைந்து வெடிக்கும்.

மிச்சமிருந்ததைக் குடித்துப் பார்த்தால் சர்க்கரைத் தண்ணீர். லேபிளில் "டெமி-செக்" என்று இருந்தது. பாதி டிரை என்று பொருள், டிரை என்றால் இனிப்பு இல்லாதது, அதனால் லேசான இனிப்புதான் இருக்கும் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். உண்மையில் லிட்டருக்கு 32 முதல் 50 கிராம் வரை சர்க்கரை இருப்பதற்குத்தான் அந்தப் பெயர். இனிப்பு வேண்டாதவர்கள் தேட வேண்டிய சொல் "ப்ரூட்", அதில் 12 கிராமுக்கும் குறைவு. இதில் பெரிய வம்பு "எக்ஸ்ட்ரா டிரை". பெயரைப் பார்த்தால் இதுதான் இனிப்பே இல்லாதது என்று தோன்றும், ஆனால் 12 முதல் 17 கிராம், ப்ரூட்டை விட இனிப்பு. இந்தப் பெயர்களை வைத்தவர்கள் யாராக இருந்தாலும் என்னை மாதிரி ஆட்களை மனதில் வைத்து வைக்கவில்லை.

மறுநாள் ரோஸே எனும் இளஞ்சிவப்பு ஒயின். தெளிந்த கண்ணாடி பாட்டில், அழகான ரோஜா நிறம். கடையில் கண்ணாடிச் சன்னலுக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றதில் ஒன்று. திறந்ததும் வேகவைத்த முட்டைக்கோஸ் வாடை. நான்கு வாய் குடித்துவிட்டு, நமக்குத்தான் ரசனை போதவில்லை என்று நினைத்தேன். ரசனையில் கோளாறு இல்லை. வெளிச்சம் தாக்கிய ஒயின் அப்படித்தான் நாறும். வெயிலோ டியூப்லைட் வெளிச்சமோ தொடர்ந்து பட்டால் ஒயினுக்குள் கந்தக வாடை உண்டாகும், தெளிந்த கண்ணாடியில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். பச்சை, பழுப்பு பாட்டில்கள் அதற்காகத்தான். லேபிளைத் திருப்பிப் பார்த்தால் அறுவடை ஆண்டு நான்கு வருடம் பழசு. ஒயின் என்றாலே பழசாகப் பழசாக நல்லது என்ற நம்பிக்கை எனக்கும் இருந்தது. வருடக்கணக்கில் வைத்துக் குடிக்கத் தாங்குபவை கொஞ்சம்தான். ரோஸேயும் சாதாரண வெள்ளை ஒயினும் ஓரிரு வருடத்துக்குள் குடித்துவிட வேண்டியவை. சன்னலோரத்தில் தள்ளுபடி அட்டையோடு நிற்கும் ரோஸே மேல் இப்போது கை வைப்பதே இல்லை.

இந்த நேரத்தில் மற்ற பாட்டில்கள் எங்கே இருந்தன தெரியுமா? ஃபிரிட்ஜுக்கு மேலே. இடம் அங்கேதான் காலியாக இருந்தது. ஃபிரிட்ஜ் உள்ளேயிருந்து எடுக்கிற சூட்டையெல்லாம் வெளியேதான் விடுகிறது, சுற்றி எப்போதும் ஒரு வெதுவெதுப்பு, போதாததற்கு மோட்டார் அதிர்வு. ஒயினுக்கு அதைவிட மோசமான இடம் தேடினாலும் கிடைக்காது. கார்க் போட்ட ஒயினை இருட்டாக, குளிர்ச்சியாக, படுக்கவைத்து வைக்க வேண்டும். கார்க் ஈரமாக இருந்தால்தான் சுருங்காது, காற்று நுழையாது. விஸ்கி, ரம் போன்றவற்றுக்கு நேர் எதிர்: நிற்க வைக்க வேண்டும், படுக்க வைத்தால் சாராயச் செறிவு கார்க்கையே அரித்துவிடும். திருகுமூடிக்கு இந்தக் கவலை இல்லை. திருகுமூடி என்றால் மட்டமான சரக்கு என்று நினைத்து ஒன்றிரண்டை வேண்டாம் என்று திருப்பித் தந்தது இப்போது உறுத்துகிறது.

அப்புறம் அந்தச் சிவப்பு ஒயின். பன்னிரண்டில் விலை அதிகமானது அதுதான். அதைக் கொட்டியதுதான் இன்றைக்கும் ஆறவில்லை. ஞாயிறு சாயங்காலம், குளித்துவிட்டு, அதற்கென்றே வாங்கிய பெரிய கிளாஸில் ஊற்றினேன். மழையில் நனைந்து மூலையில் கிடந்த அட்டைப்பெட்டியைத் தூக்கினால் ஒரு வாடை வருமே, அது. பூட்டியே கிடந்த பரணைத் திறந்த மாதிரியும் இருந்தது. பழ வாசனை என்று ஒன்றும் இல்லை. சிவப்பு ஒயின் காற்றோட்டத்தில் சரியாகும் என்று எங்கோ படித்தது ஞாபகம் வந்தது. அரை மணி காத்திருந்தேன். வாடை கூடித்தான் இருந்தது. மறுநாள் பார்த்தேன், இன்னும் மோசம். விலையை நினைத்து இரண்டு கிளாஸ் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். மூன்றாம் நாள் கொட்டிவிட்டு, காலி பாட்டிலைக் குப்பையில் போட்டேன். பில்லையும் அதோடு கசக்கிப் போட்டேன்.

பல வாரம் கழித்துத்தான் தெரிந்தது, அதற்குக் கார்க் கெட்டது என்று பெயர். டி.சி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லும் ஒரு ரசாயனம் கார்க்கில் உண்டாகி ஒயினில் இறங்குகிறது. ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மனித மூக்குக்குத் தெரிந்துவிடும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் ஒயின் போச்சு. எவ்வளவு விலை கொடுத்தாலும் இது வரலாம், தயாரித்தவர் மேலும் கடைக்காரர் மேலும் நேரடியான தப்பு இல்லை. அதனாலேயே நல்ல கடைகள் மாற்றித் தருவார்கள். அதற்கு ஒரு வாய் குடித்ததும் நிறுத்தி, கார்க்கைத் திரும்ப மாட்டி, பில்லோடு ஓரிரு நாளில் கொண்டுபோக வேண்டும். நான் முக்கால் பாட்டிலைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, இரண்டு மாதம் கழித்து வெறும் கையோடு போய்க் கேட்டேன். "பாட்டில் எங்க சார்?" என்றார். அதில் தப்பு சொல்ல முடியாது. இன்னொன்று, கார்க்கை முகர்ந்து பார்ப்பது பந்தா மட்டும்தான், கிளாஸில் இருப்பதை முகருங்கள்.

இதற்குள் இரண்டு வாரத்தில் ஆர்வக்கோளாறில் ஷெரி, வெர்மூத் என்ற இரண்டு ஒயின் வகைகளையும் திறந்து ஒரு வாய் ஒரு வாய் பார்த்து மூடி வைத்திருந்தேன். அதன் விளைவு பிறகு.

மூன்றாவது சனிக்கிழமை விஸ்கியைத் திறந்தேன். ஒயின் எல்லாம் காலை வாரிவிட்டது, இதாவது எனக்குத் தெரிந்த ஏரியா என்று ஒரு தைரியம். ஸ்காட்லாந்தின் ஐலா தீவுச் சரக்கு, புகை வாசனைக்குப் பேர் போனது. வாற்கோதுமையைப் பீட் எனும் கரிமண்ணை எரித்த புகையில் காயவைப்பதால் வரும் வாசனை அது. முதல் மூச்சில் எனக்கு ஞாபகம் வந்தது ஆஸ்பத்திரி வராந்தாவும் டிங்சரும்தான். "இதை ராவா அடிக்கணும் சார், தண்ணி ஊத்தினா பாவம்" என்று கடையில் சொல்லியிருந்தார்கள். சரி, பாவம் வேண்டாம் என்று ராவாகவே அடித்தேன். மதியம் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கவில்லை. பழக்க தோஷத்தில் அதே 60 மில்லி அளவு, அதே மூன்று. முதல் பெக் நெஞ்சை எரித்தது, இரண்டாவதில் அந்தப் புகை பிடித்துப்போக ஆரம்பித்தது, மூன்றாவது எப்போது முடிந்தது என்று எனக்குத் தெரியாது.

கண் விழித்தபோது கன்னம் குளிர்ந்த தரையில் ஒட்டியிருந்தது. குளியலறை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாளி கவிழ்ந்து கிடந்தது. முகத்துக்கு முன்னால் தரையோட்டின் இடுக்கு ஓரமாக ரத்தம் கறுத்து உறைந்திருந்தது, அது என்னுடையது என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. தாடை பிளந்திருந்தது. விழும்போது தொட்டியின் விளிம்பில் இடித்திருக்க வேண்டும். வாந்தியும் எடுத்திருந்தேன். மணி நான்கு. பயத்தில் அழுகை வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். யாருக்குப் போன் செய்வது என்று பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு யாருக்கும் செய்யவில்லை. அது இன்னொரு தப்பு. தலைவலி பிளந்ததால் இரண்டு பாராசிட்டமால் போட்டேன், அதுவும் தப்பு. விடிந்ததும் நானே வண்டியை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன், இருப்பதிலேயே பெரிய தப்பு அது.

தையல் போட்ட டாக்டர் வயதானவர், திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. "என்ன குடிச்சே, எவ்வளவு குடிச்சே தம்பி?" என்றார். "வழக்கமா குடிக்கிற அளவுதான் டாக்டர்" என்றேன். "சரக்கு வழக்கமானதா?" என்றார். வீட்டுக்கு வந்து லேபிளைப் பார்த்தேன். கீழே ஓரத்தில் பொடி எழுத்தில் 58.4 சதவீதம் சாராயம் என்று இருந்தது. பீப்பாயில் இருந்த காரத்தோடு, தண்ணீர் சேர்த்துக் குறைக்காமல் அடைத்தது. நான் வழக்கமாகக் குடிப்பது 40 சதவீதத்தை ஒட்டியது. கணக்குப் போட்டால் அன்றைக்கு என் 180 மில்லி, பழைய சரக்கில் 260 மில்லிக்கு மேல் அடித்ததற்குச் சமம், அதுவும் வெறும் வயிற்றில், அரை மணிக்குள். சுத்தச் சாராயமாகச் சொன்னால் ஏறக்குறைய 83 கிராம். கல்லீரல் ஒரு மணி நேரத்துக்குச் சமாளிப்பது சுமாராக 7 முதல் 10 கிராம். அதனால் காலை ஏழு மணிக்கு வண்டியில் உட்கார்ந்தபோதும் எனக்குப் போதை முழுசாகத் தெளிந்திருக்காது. குளித்தாலும் காபி குடித்தாலும் அந்த வேகம் அதிகமாகாது.

டாக்டர் சொன்னதில் இரண்டை அப்படியே எழுதுகிறேன். நிறையக் குடித்த பிறகு பாராசிட்டமால் கல்லீரலுக்குக் கூடுதல் சுமை, ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வகைகள் வயிற்றில் ரத்தக் கசிவு உண்டாக்கலாம், அதனால் தலைவலிக்கு மாத்திரையை நாமாக எடுத்து முழுங்கக் கூடாது. ரொம்பப் போதையில் இருப்பவரை மல்லாக்கப் படுக்க விடக் கூடாது, வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, கூட ஆள் இருக்க வேண்டும், எழுப்பியும் எழவில்லை என்றாலோ மூச்சு விட்டு விட்டு வந்தாலோ ஆம்புலன்ஸ்தான். நான் கவிழ்ந்து விழுந்ததால் பிழைத்தேன் என்று அவர் சொல்லவில்லை, எனக்குத் தோன்றியது. குடிக்காதவர்கள் இதைப் படித்து ஆசைப்பட வேண்டாம், பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என உலக சுகாதார நிறுவனமே 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது.

ஒரு மாதம் எதையும் தொடக் கூடாது என்றார், தொடவில்லை. அந்த ஒரு மாதத்தில் திறந்து வைத்த ஷெரியும் வெர்மூத்தும் அலமாரியில் செத்துப்போயின. சாதாரண ஒயினை விடக் காரம் கூடின வகை, அதனால் விஸ்கி மாதிரி எத்தனை நாளும் தாங்கும் என்று நினைத்திருந்தேன். ஷெரியில் நான் வாங்கியது ஃபினோ. ஈஸ்ட் படலம் ஒன்று மேலே மூடிக் காற்றே படாமல் வளர்ந்தது, மூடியைத் திறந்தால் காற்று அதற்கு விஷம் மாதிரி. ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடிக்க வேண்டும். வெர்மூத்தும் அடிப்படையில் ஒயின்தான், மூலிகை போட்டது. ஃபிரிட்ஜில் வைத்தால் ஓரிரு மாதம். என்னுடையது பழுப்பேறிப் புளித்த காடி மாதிரி ஆகியிருந்தது. விஸ்கி, ஜின் திறந்தாலும் மாதக்கணக்கில் நிற்கும், திறந்த ஒயின் ஃபிரிட்ஜில் மூன்று முதல் ஐந்து நாள். ஒரே நேரத்தில் நான்கு ஒயினைத் திறப்பது தனி ஆளுக்குக் கட்டுப்படியாகாது.

திறக்காமல் தப்பித்தவற்றில்தான் எனக்கு அதிர்ஷ்டம் இருந்தது. ஜெர்மனியின் ரீஸ்லிங் எனும் வெள்ளை ஒயின் ஒன்று, லேபிளில் 8 சதவீதம். இதற்குள் எனக்கு அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்திருந்தது. திராட்சையின் சர்க்கரையைத்தான் ஈஸ்ட் சாராயமாக்குகிறது, பாதியில் நிறுத்தினால் காரம் குறைவு, இனிப்பு மிச்சம். ஆக வெள்ளை ஒயினில் 8, 9 என்று பார்த்தால் இனிப்பு இருக்கும், 12, 13 என்றால் பெரும்பாலும் இருக்காது. இனிப்பை எதிர்பார்த்து நன்றாகக் குளிரவைத்துக் குடித்ததால் அது எனக்கு ரொம்பப் பிடித்தது, அந்த இனிப்புக்கு அடியில் பச்சை ஆப்பிளைக் கடித்த மாதிரி ஒரு புளிப்பு. டெமி-செக்கில் ஏமாந்த அதே நாக்குதான்.

இன்னொன்று ஆரஞ்சு ஒயின். ஆரஞ்சுப் பழத்தில் செய்தது என்று நினைத்துத்தான் வாங்கினேன், சிரிக்காதீர்கள். வெள்ளைத் திராட்சையைத் தோலோடு ஊறவைத்துப் புளிக்க வைப்பதால் வரும் நிறம் அது. ஜார்ஜியா நாட்டில் க்வெவ்ரி எனும் பெரிய மண்தாழியை நிலத்தில் புதைத்து இதைச் செய்கிறார்கள். அந்த முறையை யுனெஸ்கோ 2013இல் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பால் விடாத திக்கான தேநீர் குடித்தால் ஈறு இழுத்துப் பிடிக்குமே, அந்தத் துவர்ப்பு. வெள்ளை ஒயினை எதிர்பார்த்தால் கெட்டுப்போனது என்று கொட்டிவிடுவீர்கள். நான் இரண்டு மாதம் முன்னால் திறந்திருந்தால் கொட்டித்தான் இருப்பேன்.

காய்ச்சி வடித்த வகையில் மூன்று என்னிடமிருந்து போய்விட்டன. டெக்கீலா தங்க நிறத்தில் இருந்ததால் பீப்பாயில் ஊறியது என்று நினைத்தேன். டெக்கீலா செய்யும் கற்றாழை மாதிரியான செடிக்கு அகேவ் என்று பெயர், "100 சதவீதம் அகேவ்" என்ற வரி லேபிளில் இல்லை. அந்த வரி இல்லாவிட்டால் 51 சதவீதம் அகேவ் இருந்தால் போதும், மிச்சம் வேறு சர்க்கரை, நிறமும் கேரமலில் வந்ததாக இருக்கலாம். ஊறியதுதான் வேண்டும் என்றால் ரெப்போசாடோ, அன்யேஹோ என்ற சொற்களைத் தேட வேண்டும், முன்னது குறைந்தது இரண்டு மாதம், பின்னது ஒரு வருடம். சீனத்துப் பைஜியூ 53 சதவீதம், சோளத்தில் (மக்காச்சோளம் இல்லை) செய்தது, கனிந்து அழுகப்போகும் அன்னாசிப் பழ வாசனை அறை முழுக்க நின்றது. அதைச் சின்னஞ்சிறு கிண்ணத்தில் மடக்கு மடக்காகக் குடிப்பார்கள். நான் 60 மில்லி ஊற்றினேன், ஆனால் தையல் ஞாபகம் வந்து ஒரு சொட்டோடு நிறுத்தினேன். அந்தச் சுவை தெரிந்த சக ஊழியர் ஒருவர் அதை வாங்கிக்கொண்டு போய் அடுத்த நாள் நன்றி சொன்னார். மார்த்தினிக் தீவு ரம்மும் இன்னொருவரிடம் போனது. வெல்லப்பாகில் அல்லாமல் நேரடியாகக் கரும்புச் சாற்றில் செய்தது, பச்சைப் புல் வாசனை. நல்ல சரக்கு, என் நாக்குக்கு ஒத்துவரவில்லை. லண்டன் டிரை ஜின் மட்டும் வம்பு பண்ணவில்லை. லண்டனில் செய்ததாக இருக்க வேண்டும் என்றும் இல்லை, அது செய்முறையின் பெயர்.

அந்த விஸ்கியைக் கொட்டவில்லை. மூன்று மாதம் கழித்து, சாப்பிட்ட பிறகு, 30 மில்லி அளந்து, அதில் 14 மில்லி தண்ணீர் விட்டேன். 58.4 அப்போது 40 ஆகிறது. காரம் அடங்கியதும் புகைக்குப் பின்னால் உப்பும் லேசான இனிப்பும் தெரிந்தன. தண்ணீர் விட்டால் பாவம் இல்லை, அதைச் செய்கிறவர்களே விட்டுத்தான் ருசி பார்க்கிறார்கள். மூக்கைக் கிளாஸுக்குள் திணிக்காமல், வாயைக் கொஞ்சம் திறந்தபடி முகர்ந்தால் எரியாது.

இப்போது ஒரு தடவைக்கு ஒரு பாட்டில், அதற்கு மேல் இல்லை. 50 மில்லி குட்டி பாட்டில் கிடைத்தால் முதலில் அது, இல்லையென்றால் பாரில் ஒரு கிளாஸ் வாங்கிப் பார்த்த பிறகு ஃபுல். லேபிளைப் போட்டோ எடுத்து, பிடித்ததா இல்லையா என்று ஒரு வரி எழுதி வைக்கிறேன். சீல் தளர்ந்திருந்தாலோ, நம்ப முடியாத விலைக்கு யாராவது கொடுத்தாலோ தொடுவதில்லை. மெத்தனால் எனும் விஷச் சாராயம் கலந்திருந்தால் வாசனையிலோ ருசியிலோ கண்டுபிடிக்க முடியாது, மறுநாள் பார்வை மங்கும்போதுதான் தெரியும், அப்போது ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். யாராவது கூட இருக்கும் நாளில் மட்டும் புதுசைத் திறக்கிறேன்.

போன வாரம் அதே கடைக்குப் போனேன். எனக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். "அண்ணே, அந்த ஆரஞ்சு ஒயின் மாதிரி துவர்ப்பு வேணும், இனிப்பு வேணாம், 13க்குப் பக்கத்துல இருக்கணும்" என்றேன். அவர் முன்வரிசையை விட்டு உள்ளே போய் ஒரு பாட்டிலை எடுத்துவந்து துடைத்து நீட்டினார். வாங்கித் திருப்பி, ஆண்டைப் பார்த்தேன், சதவீதத்தைப் பார்த்தேன், கார்க் மேலே தள்ளியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். "வெயில்ல வெச்சது இல்ல சார், பயப்படாதீங்க" என்று சிரித்தார். "கெட்டிருந்தா பாட்டிலோட வருவேன்" என்றேன். "வாங்க சார்" என்று பில்லை என் சட்டைப் பையிலேயே சொருகிவிட்டார்.